மலைக்குப் போன பட்டன் போன்: ஒரு மதிப்பீடு

விடுமுறைக்குப் புறப்படும்போது ஸ்மார்ட்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் 4ஜி பட்டன் போன் ஒன்றை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால் எவையெல்லாம் ஒழுங்காக நடக்கும், எங்கெங்கே இடறும் என்பதை, குன்னூரிலும் கோத்தகிரியிலும் கழிந்த ஒரு குடும்ப விடுமுறையில் பயன்படுத்திப் பார்த்து எழுதும் மதிப்பீடு இது. கருவியின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இந்த விலையில் விற்கும் பட்டன் போன்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒன்றில் உள்ள குறை பெரும்பாலும் மற்றொன்றிலும் இருக்கிறது. ஆகவே ஒரு மாடலுக்கு மதிப்பெண் போடுவதைவிட, இந்த வகைப் போன் விடுமுறைக்கு உகந்ததா என்று பார்ப்பதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டன் போன் யாரையும் தொடர்பிலிருந்து விடுவித்துவிடுவதில்லை. தொடர்பில் இருப்பதற்காக நாம் செய்யும் வேலைகளில் ஒரு பகுதியைப் புறப்படுவதற்கு முந்தைய வாரத்துக்கும், இன்னொரு பகுதியைக் கூட வருபவரின் கைக்கும் அது மாற்றிவிடுகிறது. இந்த இடமாற்றத்தை முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்துகொண்ட குடும்பத்துக்கு இது கொடுத்த காசுக்கு மேலான பொருள். அப்படிச் செய்யாதவர்கள் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து எரிச்சலை வாங்கிக்கொள்கிறார்கள்.

கருவியிலிருந்து தொடங்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் உடல், வெயிலில் ஓரளவே தெரியும் சிறு திரை, பார்க்காமலே விரலால் தடவி அழுத்தக்கூடிய எண் பொத்தான்கள், தலைப்பகுதியில் ஒரு டார்ச், பண்பலை வானொலி, பெயருக்கு ஒரு கேமரா. பேட்டரியின் அளவு 1,450 மில்லி ஆம்பியர்-மணி. இன்றைய ஸ்மார்ட்போன்கள் 5,000 மில்லி ஆம்பியர்-மணியை வைத்துக்கொண்டும் மாலைக்குள் சார்ஜரைத் தேட வைக்கின்றன. அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்தப் பேட்டரி நாள்கணக்கில் தாங்குவதற்குக் காரணம், பெரிய திரையும் பின்னணியில் ஓயாமல் இயங்கும் செயலிகளும் இல்லாததுதான். ஆனால் மலையில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கோபுரத்தின் சிக்னல் வலுவில்லாத சரிவுகளில் போன் அதைத் தேடித் தேடியே மின்சாரத்தைச் செலவழிக்கிறது. சமவெளியில் இருந்த அளவுக்கு அங்கே பேட்டரி நிற்கவில்லை. சார்ஜ் ஏற்றும் துளை இன்னமும் பழைய மைக்ரோ யுஎஸ்பி என்பதால், வீட்டிலுள்ள டைப் சி கம்பிகள் ஒன்றும் பொருந்தாமல், இதற்கென்றே ஒரு கம்பியைச் சுமந்து போகவேண்டியிருந்ததும் ஒரு சிறு தொல்லை.

டார்ச்சைப் பற்றித் தனியாகவே சொல்லவேண்டும். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில் தங்கினால், இருட்டியபின் படிகளில் இறங்குவதற்கும், வழியில் காட்டெருமை நிற்கிறதா என்று பார்த்து நடப்பதற்கும் வெளிச்சம் தேவைப்படும். குளிரில் விறைத்த விரலால் திரையைத் தேய்த்து டார்ச்சைத் தேடுவதற்கும், ஒரே பொத்தானை நீளமாக அழுத்தி அதை எரியவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் புரிகிறது. வானொலியும் அப்படியே. உதகை வானொலி நிலையம் ஒலிபரப்பும் படுகர் பாடல்களைக் காலை நேரத்தில் கேட்கும் வாய்ப்பு, இணையப் பாட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு திரிபவர்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது போன் 2ஜியா 4ஜியா என்பதை. ஜியோவிடம் 2ஜி வலையமைப்பே கிடையாது. ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று 2ஜி பட்டன் போனை வாங்கி அதில் ஜியோ சிம்மைப் போட்டால் அது உயிர்பெறாது. ஏர்டெல், வோடபோன் ஐடியா, பிஎஸ்என்எல் சிம்கள் மட்டுமே அதில் இயங்கும். இன்னொரு பக்கம், ஜியோ நிறுவனம் 2023இல் 999 ரூபாய்க்கு அறிமுகப்படுத்திய ஜியோபாரத் வகைப் போன்கள் 4ஜியில் இயங்கினாலும், ஜியோ சிம்மை அன்றி வேறு எதையும் ஏற்பதில்லை. மலைப்பாதையில் ஒரு வளைவு வரை ஒரு நிறுவனத்தின் சிக்னலும் அடுத்த வளைவிலிருந்து வேறொன்றின் சிக்னலும் கிடைப்பது வழக்கம் என்பதால், எந்தச் சிம்மையும் ஏற்கும், இரண்டு சிம் போடக்கூடிய 4ஜி போனே பயணத்துக்கு உதவும். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் திட்டங்களைக் கட்டாயம் வழங்கவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்ததை அடுத்து அத்தகைய திட்டங்களும் வந்திருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் நீண்ட காலத்துக்கானவை, ஒரு விடுமுறைக்காக எடுத்தால் லாபமில்லை.

அடுத்து, இந்த ஏற்பாட்டின் முடிச்சு எங்கே இருக்கிறதோ அங்கே வருகிறோம்: அந்தப் போனில் எந்தச் சிம்மைப் போடுவது? நம்முடைய வழக்கமான சிம்மையே மாற்றிப் போட்டால், வங்கியின் ஓடிபி வரும், ரயில்வேயின் குறுஞ்செய்தி வரும், பழைய நண்பர்கள் அழைத்தால் கிடைப்போம். ஆனால் அலுவலகமும் அதே எண்ணில்தான் அழைக்கும். கடன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்பவர்களும் அதே எண்ணில்தான் வருவார்கள். ஸ்மார்ட்போனில் அழைப்பவர் பெயரைக் காட்டி எச்சரிக்கும் செயலிகள் உண்டு. பட்டன் போனில் ஒவ்வொரு அறியாத எண்ணையும் எடுத்துப் பார்த்தால்தான் யாரென்று தெரியும். அமைதிக்காக வாங்கிய கருவி, தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் தனிநபர் கடன் விளம்பரத்துக்காக உரக்க மணியடிப்பது வேடிக்கையாக இருந்தாலும் ரசிக்கும்படியாக இல்லை. 1909 என்ற எண்ணில் விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்துகொள்ளலாம் என்றாலும், அது உடனே நடைமுறைக்கு வருவதில்லை; புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பே செய்துவிடவேண்டும்.

மாறாக, புதிய சிம் ஒன்றை வாங்கி, அந்த எண்ணை நெருங்கிய சிலருக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம். அமைதி உறுதி. ஆனால் வங்கிக் கணக்கு பழைய எண்ணோடு பிணைக்கப்பட்டிருப்பதால் ஓடிபி எல்லாம் வீட்டு மேசையில் கிடக்கும் ஸ்மார்ட்போனுக்குப் போய்ச் சேரும். பட்டன் போனில் யுபிஐ பயன்படுத்தும் வழியும் அடைபடும். சிம்மை மாற்றிப் போடுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்மார்ட்போனிலிருந்து சிம்மைக் கழற்றிவிட்டாலும் வீட்டு வைஃபை இருந்தால் அதில் வாட்ஸ்அப் தொடர்ந்து இயங்கக்கூடும். அப்படி இயங்கினால், செய்திகள் வந்து குவிந்துகொண்டே இருக்கும், அனுப்பியவருக்கு இரட்டைக் குறியும் தெரியும், நீங்கள் படித்தும் பதில் சொல்லவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளவும் கூடும். யுபிஐ செயலிகளோ சிம் அந்தக் கருவியிலேயே இருக்கிறதா என்று பார்ப்பவை. திரும்பிவந்து சிம்மைப் போட்டபின் மறுபடியும் சரிபார்ப்பு கேட்டாலும் வியப்பதற்கில்லை. எல்லாவற்றையும் எடைபோட்டபின் நான் தேர்ந்தது இரட்டைச் சிம்: பழைய எண்ணை முதல் துளையிலும் புதிய எண்ணை இரண்டாவதிலும் போட்டு, பழையதற்குச் சத்தமில்லாத நிலை, புதியதற்கு உரத்த மணி என்று வைத்துக்கொண்டேன். எல்லாப் பட்டன் போன்களிலும் சிம்முக்குத் தனித்தனி மணி வைக்க முடியாது. கடையிலேயே அமைப்புகளைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

அலுவலகத்தைப் பொறுத்தவரை பட்டன் போன் ஒரு நல்ல வடிகட்டி. மின்னஞ்சலும் குழுச் செய்தியும் நின்றுவிடும்போது, வெறும் தகவலுக்காகவும் பொறுப்பைத் தள்ளிவிடுவதற்காகவும் எழுதப்படுபவை தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. அழைத்துப் பேசும் அளவுக்கு அவசரம் என்று ஒருவர் கருதினால் மட்டுமே நம்மை எட்டமுடியும். எழுதுவதற்குத் தயங்காதவர்களில் பலர் அழைப்பதற்குத் தயங்குகிறார்கள். ஆனால் இதைக் கருவியின் சாதனை என்று சொல்லிவிட முடியாது. பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் பணிநேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. நம் நாட்டில் அது மக்களவையில் தனிநபர் மசோதாவாக வைக்கப்பட்டதைத் தாண்டி வரவில்லை. சட்டம் இல்லாத இடத்தில், மேலதிகாரியின் மனப்பாங்கைப் பொறுத்தே பட்டன் போனின் பயன் அமையும். நீலகிரிக்கு இது புதிய சிக்கலும் அன்று: ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாண அரசு கோடைதோறும் கோப்புகளோடும் குமாஸ்தாக்களோடும் உதகைக்கு இடம்பெயர்ந்தது. மலைக்குப் போகிறவர் அலுவலகத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டு போகும் பழக்கத்துக்கு அங்கே நல்ல பரம்பரை இருக்கிறது.

பணம் கொடுக்கும் விஷயத்தில்தான் இந்தப் போன் மிகவும் திணறுகிறது. சாதாப் போன்களுக்காக ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் யுபிஐ 123பே என்ற வசதியைத் தொடங்கிவைத்தது. இணையம் இல்லாமலேயே, குறிப்பிட்ட எண்ணை அழைத்து, குரல் சொல்லும் வழியில் பொத்தான்களை அழுத்தி, பெறுபவரின் எண்ணையும் தொகையையும் ரகசிய எண்ணையும் உள்ளிட்டுப் பணம் அனுப்பலாம். ஒரு முறைக்கு 5,000 ரூபாயாக இருந்த வரம்பு பின்னர் 10,000 ஆக உயர்த்தப்பட்டது. அதற்கும் முந்தைய *99# வழி இன்னமும் இருக்கிறது. அதில் வரம்பு 5,000 ரூபாய். திட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் இருப்பவருக்கு வாடகைப் பணம் அனுப்புவது போன்ற நிதானமான காரியங்களுக்கு அது போதும். ஆனால் கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு பேக்கரியில் வர்க்கியும் டீயும் வாங்கிவிட்டு, பின்னால் நான்கு பேர் காத்திருக்கும்போது, கடைக்காரரிடம் யுபிஐயோடு இணைந்த எண்ணைக் கேட்டு, அதை ஒவ்வொரு இலக்கமாக அழுத்தி, குரல் சொல்வதை வாகனச் சத்தத்துக்கு நடுவே கேட்டு முடிப்பதற்குள் வாங்கிய டீ ஆறிவிடும். “அண்ணே, ஸ்கேன் பண்ணிட்டீங்களா?” என்று கேட்ட பையனுக்கு, இந்தப் போனில் ஸ்கேன் கிடையாது என்பதை நம்புவதற்கே சற்று நேரமானது. சில மாடல்களில் க்யூஆர் குறியைக் கேமராவால் படிக்கும் வசதி உண்டு, என்னுடையதில் இல்லை. ஆகவே ரொக்கம்தான் வழி. ஏடிஎம்மில் பெரும்பாலும் ஐந்நூறு ரூபாய்த் தாள்களே வரும் என்பதையும், பேருந்து நடத்துநரிடமும் டீக்கடையிலும் அவற்றை நீட்டினால் என்ன பதில் கிடைக்கும் என்பதையும் நினைவில் வைத்து, மேட்டுப்பாளையத்திலேயே சில்லறை மாற்றிக்கொண்டு ஏறுவது நல்லது.

பயண ஆவணங்களில் எதிர்பார்த்ததைவிடத் தொல்லை குறைவாக இருந்தது. முன்பதிவு ரயில் டிக்கெட்டுக்கு ரயில்வே அனுப்பும் குறுஞ்செய்தியும் அசல் அடையாள அட்டையும் போதும். பட்டன் போன் இதை எந்தக் குறையும் இல்லாமல் செய்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் போகிறவர்கள் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்கவேண்டியிருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. இதை வீட்டிலேயே எடுத்துத் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். பதிவுக்கான ஓடிபி குறுஞ்செய்தியாக வருவதால் சிம் பட்டன் போனில் இருந்தாலும் தடையில்லை. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு இ-பாஸே தேவையில்லை. நாங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறி, மேலே அரசுப் பேருந்துகளில் சுற்றியதால், பட்டன் போன்காரருக்குப் பொதுப் போக்குவரத்தே பொருத்தமான துணை என்பது தெளிவாயிற்று. பலருக்கு இது முதலில் தோன்றாது. காரில் போனால் வரைபடம், வாகன நிறுத்தம், இ-பாஸ், பெட்ரோல் என்று ஒவ்வொன்றும் ஸ்மார்ட்போனைக் கேட்கும்.

காலை 7.10 மணிக்குப் புறப்படும் மலை ரயிலில் கல்லாறு தாண்டிப் பற்சக்கரப் பாதை தொடங்கியதும், எல்லா நிறுவனங்களின் சிக்னலும் வருவதும் போவதுமாக இருந்தது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் திறக்கப்பட்ட, 46 கிலோமீட்டரில் 208 வளைவுகளும் 16 குகைகளும் கொண்ட அந்தப் பாதையில், ஸ்மார்ட்போன் வைத்திருந்தவர்களும் பெரும்பாலான நேரம் அதைக் கேமராவாகத்தான் பயன்படுத்தினார்கள். ஆகவே அந்தப் பயணத்தில் பட்டன் போன்காரர் இழந்தது படங்களை மட்டுமே. அந்த இழப்பைச் சிறியதென்று நான் சொல்லமாட்டேன். 0.3 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படத்தில் பாலமும் பள்ளத்தாக்கும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துகிடந்தன; குழந்தைகளோடு போகிறவர்கள் தனியாக ஒரு கேமராவை எடுத்துப் போவதே உத்தமம்.

வழி கண்டுபிடிப்பதில் நான் பயந்த அளவுக்குச் சிரமம் இல்லை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் பேருந்து நிலைய நேரக் காப்பாளர் அறையில் கேட்டால், கோடநாடு காட்சிமுனைக்கும் டால்பின் மூக்குக்கும் எந்த வண்டி எப்போது போகும், திரும்ப எது கடைசி என்பதைச் சொல்லிவிடுகிறார்கள். இணைய வரைபடத்தில் மலைக்கிராமப் பேருந்துகளின் நேரம் இதைவிடத் துல்லியமாகக் கிடைத்து நான் பார்த்ததில்லை. கன்னேரிமுக்கில், உதகை நகரை உருவாக்கிய ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவனின் பழைய பங்களாவுக்கு இரண்டு பேரிடம் வழி கேட்டோம்; மூன்றாவது ஆள் கூடவே நடந்துவந்து காட்டிவிட்டுப் போனார். அவசரமாக ஒரு மருந்துக்கடையையோ இரவில் திறந்திருக்கும் உணவகத்தையோ தேடவேண்டிய நிலையில் இப்படிக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தங்குமிடத்தின் தொலைபேசி எண், ஒரு ஆட்டோ ஓட்டுநரின் எண், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் எண் ஆகியவற்றைச் சிம்மில் ஏற்றிக்கொள்வதோடு ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்வது புறப்படுமுன் செய்யவேண்டிய வேலைகளில் ஒன்று.

குறுஞ்செய்தி எழுதுவது தமிழர்களுக்குச் சற்றுக் கூடுதல் பயிற்சி. எண் பொத்தான்களில் தமிழ் எழுத முடிகிறது. ஆனால் ஒரு உயிர்மெய்க்கு மெய்யையும் குறியையும் தனித்தனியே தேடவேண்டும். அதோடு, ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கிடைக்க, தமிழுக்கு யூனிகோடு முறையில் 70 இடங்களே கிடைக்கின்றன; அவற்றிலும் குறிகள் தனி இடம் பிடிப்பதால், நம் கணக்கில் ஐந்தெழுத்தான கோத்தகிரி ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்கிறது. பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்று சொல்லலாம். வழியில் கண்டதை எல்லாம் விவரிக்க முடியாது. விடுமுறைக்கு அந்த அளவு போதும் என்றே தோன்றியது.

பாதுகாப்பில் எனக்கிருந்த கவலை பெரும்பாலும் தீர்ந்தது. இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9 என்ற பொத்தானை நீளமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகவேண்டும் என்ற மத்திய அரசு விதி 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாங்கியவுடன் கையேட்டைப் பார்த்து உங்கள் போனில் அது எந்தப் பொத்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள், குழந்தைக்கும் சொல்லிவையுங்கள். 112ஐ நேரடியாக அழைப்பதற்கும் பட்டன் போன் எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீலகிரிக்குப் போகிறவர்களுக்கு நான் இந்தப் போனை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். அந்த மாதங்களில் மண்சரிவால் மலை ரயில் நிறுத்தப்படுவதும் சாலை அடைபடுவதும் அடிக்கடி நடப்பவை. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது மணிக்கு மணி மாறும்போது, வானொலிச் செய்திக்காகக் காத்திருப்பது போதாது. மழைக்காலப் பயணத்தில் குழுவில் ஒருவரிடமாவது இணையம் உள்ள போன் இருந்தே ஆகவேண்டும்.

அந்த ஒருவர் யார் என்ற கேள்விதான் இந்த மதிப்பீட்டில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. எங்கள் பயணத்தில் அது என் மனைவி. புறப்படும்போது, அவருடைய ஸ்மார்ட்போன் அவசரத்துக்கு மட்டும் என்றுதான் பேச்சு. ஆனால் பேக்கரியில் க்யூஆர், அடுத்த நாள் தங்குமிடம் அனுப்பிய இருப்பிடக் குறி, மகள் கேட்ட படங்கள், பேத்தியின் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டால் போதாது என்று சொன்ன என் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு என்று ஒவ்வொன்றாக அவர் கைக்கே போய்ச் சேர்ந்தன. “உங்க போனைப் பூட்டி வச்சுட்டு எல்லாரும் என் போன்லதான் வந்து நிக்கிறீங்க, லீவு உங்களுக்கு மட்டும்தானா?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சாதாரண நாட்களிலேயே பள்ளிக் குழு, குடியிருப்புக் குழு, உறவினர் குழு ஆகியவற்றின் செய்திகளைப் பார்த்துப் பதில் சொல்வது பெரும்பாலான வீடுகளில் பெண்களின் தலையில்தான் இருக்கிறது. விடுமுறையில் ஆண் பட்டன் போனுக்கு மாறிக்கொள்ளும்போது அந்தப் பாரம் இரட்டிப்பாகிறது. தொழில்நுட்பத்தைத் துறந்து நிம்மதியாக இருந்தேன் என்று சொல்லும் ஆண்களில் எத்தனை பேருக்கு அந்த நிம்மதியை அருகில் இருந்தவர் தன் போனிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

இதற்கு நாங்கள் கண்ட ஏற்பாடு எளியது. கருவியை ஆளுக்கொன்று என்று பிரிக்காமல் நாளுக்கொருவர் என்று மாற்றிக்கொண்டோம்: ஒரு நாள் பட்டன் போன் அவரிடம், இணையம் உள்ள போனும் அதோடு வரும் வேலைகளும் என்னிடம், மறுநாள் மாறும். இதற்கு அவரவர் சிம் அவரவர் கருவியில் கட்டுண்டு கிடக்கக்கூடாது என்பதால், பட்டன் போனில் இருந்த புதிய எண்ணையே குடும்பத்தின் பொது எண்ணாகச் சொந்தங்களுக்குக் கொடுத்தோம். பட்டன் போனின் பயன் முழுமையாகத் தெரிந்தது அதற்குப் பின்தான். அது கையில் இருக்கும் நாளில் மகளோடு நடக்கலாம், புத்தகம் படிக்கலாம், மதியம் தூங்கலாம். மறுநாள் பணமும் படமும் வழியும் நம் பொறுப்பு. மகளுக்கு மட்டும் இதில் மகிழ்ச்சி இல்லை. பாம்பு விளையாட்டு அவளுக்கு அரை மணி நேரத்தில் சலித்துவிட்டது. அதன்பின் சீட்டுக்கட்டு வெளியே வந்தது.

மாற்று வழிகளையும் சுருக்கமாகப் பார்க்கலாம். ஸ்மார்ட்போனையே விமானப் பயன்முறையில் போட்டு வைத்துக்கொள்வதற்குச் செலவில்லை, ஆனால் ஒரு தொடலில் எல்லாம் திரும்பிவிடும் என்பதால் உறுதியான மனம் உள்ளவர்களுக்கே அது பலிக்கும். போனை வரவேற்பறையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் விடுதித் திட்டங்களில் நாம் செய்யாமல் விடுவதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறோம். வசதி உள்ளவர்கள் போகட்டும். சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் இருப்பது போன்ற விபாசனா மையங்களில் பத்து நாட்கள் போனை ஒப்படைத்துவிட்டு மௌனமாக இருக்கலாம். அங்கே கட்டணமும் கிடையாது, ஆனால் அது பயிற்சி, குழந்தையோடு போகும் விடுமுறைக்கு ஈடாகாது. சிக்னலே இல்லாத காட்டு விடுதிகளில் எல்லோரும் சமமாகத் துண்டிக்கப்படுவதால் யார் போன் யாருக்கு என்ற சிக்கல் எழாது என்பது ஒரு பெரிய வசதி. வீட்டில் வயதானவர்களை விட்டுவிட்டு வருபவர்களுக்கு அதுவே பெரிய கவலையும் ஆகும். அழைத்தால் கிடைக்கவேண்டும், ஆனால் அழைக்காதவரை எதுவும் வந்து தொடக்கூடாது என்ற இடைநிலையைப் பட்டன் போனைப்போல மலிவாகத் தருவது வேறொன்றில்லை.

ஆகவே, வயதான பெற்றோர் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கும், ரயிலிலும் பேருந்திலும் போகிறவர்களுக்கும், ஒரு ஸ்மார்ட்போனை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொள்ளும் தம்பதிக்கும் இதை வாங்கப் பரிந்துரைக்கிறேன். தனியாகக் கார் ஓட்டிப் போகிறவர், வெளிநாடு போகிறவர், மழைக்காலத்தில் மலையேறுகிறவர் ஆகியோருக்கு இது உதவாது. கடையில் வாங்கும்போது 4ஜி, பூட்டில்லாத இரட்டைச் சிம், சிம்முக்குத் தனித்தனி மணி, தமிழில் எழுதும் வசதி, க்யூஆர் படிக்கும் கேமரா ஆகியவை இருக்கின்றனவா என்று போனை இயக்கியே பாருங்கள். டைப் சி துளை கிடைத்தால் நூறு இருநூறு கூடுதலாகக் கொடுக்கலாம். குறுங்காணொளிச் செயலிகளை ஏற்றிவைத்து, பட்டன் போனிலும் வீடியோ பார்க்கலாம் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் மாடல்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றை வாங்குவதைவிட உங்கள் பழைய ஸ்மார்ட்போனையே கையில் வைத்துக்கொண்டு போகலாம். திரையாவது பெரிதாக இருக்கும்.